கம்பியில் செல்லும் ஜெபம்: ‘ராயல் டெலிபோன்’ பாடலை வாசிக்கும் முறை

ஃபிரெடரிக் எம். லேமன் 1919இல் வெளியிட்ட ‘ராயல் டெலிபோன்’ என்னும் அமெரிக்க நற்செய்திப் பாடலை இன்று முதன்முறையாகக் கேட்பவருக்கு அது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பாட்டைப் போலத் தோன்றலாம். அதில் வரும் தொலைபேசிச் சொற்களை அக்காலத்து வீடுகளில் வழங்கிய பொருளிலேயே வாசித்தால், ஜெபம் எங்கே தடைபடுகிறது என்று தேடும் பாடலாக அது விளங்கும்.

முதலில், ராகத்தை மறந்து வரிகளை மட்டும் வாசித்து, கருவி சார்ந்த சொற்களை அடிக்கோடிடுங்கள். தொடக்கத்திலேயே ‘சென்ட்ரல்’ வரும். தொலைபேசி இணைப்பகத்தையும் அங்கே அமர்ந்து இணைப்புக் கொடுத்தவரையும் மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். சுவரில் மாட்டிய பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றி, ரிசீவரைக் காதில் வைத்து, யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால், அவர் தம் முன்னிருந்த பலகையின் உரிய துளையில் செருகியைப் பொருத்துவார். லைன் ஒழியாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். பரலோகத்தின் சென்ட்ரல் ஒருபோதும் பிஸியாக இருப்பதில்லை, அங்கே கட்டணமும் இல்லை என்று லேமன் எழுதியது அந்தக் காத்திருப்பை அறிந்தவர்களுக்காக. டிரங்கால், அதாவது இணைப்பகம் வழியாக வெளியூர் அழைப்பு, பதிந்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வரியை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்து, பழுதுகளைக் குறிக்கும் சரணங்களில் நிதானியுங்கள். பாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பதில் வராவிட்டால் சாத்தான் உன் கம்பியைக் குறுக்கே பிணைத்துவிட்டான் என்கிறது ஒரு சரணம். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் அயலாரின் பேச்சு நம் காதில் விழும். ஜெபிக்க முழங்காலிட்டவரின் மனத்தில் வேறோர் ஆசை புகுந்து பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. இன்னொரு சரணம், லைன் ‘கிரவுண்ட்’ ஆகிவிட்டது என்கிறது. ஈரக் கிளை படிந்தோ அறுந்து விழுந்தோ கம்பி மண்ணைத் தொட்டால், குரலைச் சுமக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். உலகத்தின்மேல் சாய்ந்துவிட்ட மனத்தைக் குறிக்க வந்த சொல்லாகவே இதை நான் வாசிக்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பதில் வராததற்கெல்லாம் நம் பக்கத்துப் பழுதே காரணம் என்று பாடல் சொல்வதைப் போலத் தோன்றும். நோயுற்ற பிள்ளைக்காக ஜெபித்துச் சோர்ந்த ஒரு தாயிடம் இந்த வரியை விளக்கமின்றிக் கொடுத்துவிடாதீர்கள். இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் காணாதவனின் குரலான, பைபிளின் 22ஆம் சங்கீதத்தை இதனருகே வைத்து வாசியுங்கள்.

வாழ்க்கையை மலைப்பாதை ரயிலாகப் பாடும் 1890ஆம் ஆண்டுப் பாடலோடு ஒப்பிடுவதும் உதவும். அங்கே மனிதன் எஞ்சின் ஓட்டுநர். கை எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டுப் பிடியிலும் கண் தண்டவாளத்திலும் இருக்க வேண்டும். லேமனின் பாடலிலோ அவன் பேசவும் கேட்கவும் மட்டுமே செய்கிறான்.

பாடகர் குழுவுக்குக் கற்பிக்கும்போது, கம்பியைக் கைப்பேசி சிக்னலாக மாற்றிவிடாதீர்கள். உரசவும் மண்ணைத் தொடவும் கம்பி இல்லாவிட்டால் அந்த இரு சரணங்களும் பொருளிழந்துவிடும். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாடகர் ஜிம்மி லிட்டில் 1963இல் பதிவு செய்து புகழ்பெற்ற வடிவத்தை, வரிகள் மனத்தில் பதிந்த பிறகு கேட்கச் செய்யுங்கள்.