மலை ஓட்டத்துக்கு ஷூ வாங்குவது எப்படி? இறக்கத்தை நினைத்து வாங்குங்கள்

முதல் மலை ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஷூ தேடுகிறவர்கள், கையில் தூக்கி எடையைத்தான் முதலில் பார்ப்பார்கள். மனம் முழுக்க ஏற்றம். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் அனுபவசாலிகள்கூட நடக்கத்தான் செய்கிறார்கள். ஷூவின் குறை வெளிப்படுவது இறக்கத்தில். ஷூ அளவு சரியில்லாமல் நான் ஓடிய முதல் மலைப் பந்தயத்தில் பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துப்போய், சில மாதங்கள் கழித்துத்தான் புது நகம் முளைத்தது. ஏறும்போது எனக்கு எந்த வலியும் இல்லை.

படி 1: பாதையை விசாரியுங்கள்

சேறா, காய்ந்த கெட்டி மண்ணா, பாறையா? பந்தயப் பாதையின் விவரத்தையும் போன வருடப் படங்களையும் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இது தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

படி 2: ஷூவைத் திருப்பிப் பாருங்கள்

அடியில் இருக்கும் ரப்பர் பற்கள்தான் பிடிமானம். கெட்டி மண்ணுக்கு 3 முதல் 4 மி.மீ. உயரம் போதும். சேறு என்றால் 5 மி.மீ.க்கு மேல் வேண்டும். பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். அதற்காக எல்லாவற்றுக்கும் உயரமான பல்லே நல்லது என்று நினைக்க வேண்டாம். பாறையில் அது மடங்கும், தரையைத் தொடும் பரப்பும் குறைவு. ஈரப் பாறைக்கு உயரத்தைவிட ரப்பரின் மென்மைதான் முக்கியம். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், பரவாயில்லை.

குதிகால் பக்கத்துப் பற்களையும் கவனியுங்கள். பல ஷூக்களில் அவை முன்பக்கப் பற்களுக்கு எதிர்த்திசையில் இருக்கும். இறங்கும்போது பிரேக் பிடிப்பவை அவைதான்.

படி 3: போட்டுப் பாருங்கள்

மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். பந்தயத்தில் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு காலில் எது பெரியதோ அதுதான் கணக்கு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

அப்புறம், லேஸை நன்றாகக் கட்டிக்கொண்டு ஒரு சாய்தளத்தில் வேகமாக இறங்கிப் பாருங்கள். சாய்தளம் இல்லையென்றால் ஷூவின் நுனியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. குதிகால் தூக்கிக்கொண்டு வந்தாலும் வேண்டாம்.

படி 4: குதிகாலைப் பூட்டும் முடிச்சு

பல ஷூக்களில் மேலே ஒரு துளை சும்மாவே கிடக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தின் கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். ஒரு சின்ன வளையம் கிடைக்கும். மறுபக்கமும் அப்படியே. இப்போது வலது நுனியை இடது வளையத்திலும், இடது நுனியை வலது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் கச்சிதமாக உட்காரும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்காது.

படி 5: மற்ற விஷயங்கள்

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டிராப் என்பார்கள். இப்போது ஓடுவது 10 மி.மீ. என்றால் திடீரென்று ஆல்ட்ரா நிறுவனத்தின் பல ஷூக்களைப் போன்ற பூஜ்ய டிராப் ஷூவுக்குத் தாவாதீர்கள்; கெண்டைக்கால் தாங்காது. கூரான கற்கள் நிறைந்த பாதைக்கு, அடியில் பாதுகாப்புத் தகடு வைத்த ஷூ நல்லது. ஓடை கடக்கும் பாதைக்கு நீர்புகா ஷூ வேண்டாம்: மேல்வழியாக நுழைந்த தண்ணீர் வெளியே போகாது.

படி 6: பழக்குங்கள்

பந்தயத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வாங்கி, அதே ஷூவில் ஒரு நீண்ட இறக்கமாவது ஓடிவிடுங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போது தெரிந்தால் சாக்ஸை மாற்றலாம், லேஸைத் தளர்த்தலாம். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் கால் நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள்.