மலை ஏறும் முன் சாவியைப் பாருங்கள்

மேகமலையில் ஓர் எஸ்டேட் மருந்தகத்தில் எனக்கு வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை மதுரை செல்லூரில் இருக்கும் வீட்டுக்கு வருவேன். ஞாயிறு காலை ஆரப்பாளையத்தில் கம்பம் பஸ் பிடித்து, சின்னமனூரில் இறங்கி மலை பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் போனில் சிக்னல் போய்விடும். மேலே இரவுகளில் எனக்குத் துணை, நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்ற செயலிகளில் வீட்டு வைஃபையில் பதிவிறக்கிக்கொண்டு போகும் படங்கள்தான்.

சென்ற ஐப்பசியில் 11 படங்களை இறக்கினேன். மருந்துச் சீட்டோடு பழகிய புத்தி, எதையும் இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லும். சனி இரவே ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். செவ்வாய் இரவு மலையில் அடைமழை, மின்சாரமும் இல்லை. ஒரு படத்தைத் தொட்டால் காலாவதியாகிவிட்டது, இணையத்தில் இணையுங்கள் என்றது செயலி. அடுத்ததும் அப்படியே. பதினொன்றும் அப்படியே. நான் ஓட்டிப் பார்த்ததுதான் வினை.

நாம் பதிவிறக்கும் கோப்பு பூட்டிய பீரோ மாதிரி. பீரோ நம் வீட்டில் இருக்கும், சாவி நாத்தனார் இடுப்பில் இருக்கும். படத்தை ஓட்ட நிறுவனம் தரும் அனுமதிதான் இங்கே சாவி. ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பூட்டு கூகுளின் வைட்வைன், ஐபோனில் ஃபேர்பிளே. சாவிக்குப் பெரும்பாலும் இரண்டு கெடு உண்டு: இறக்கிய நாளிலிருந்து ஒன்று, முதன்முதலில் ஓடவிட்ட நொடியிலிருந்து இன்னொன்று. பிரைம் வீடியோவில் பொதுவாக 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படத்துக்குப் படம் மாறும். சிலவற்றுக்கு அதே 48 மணி நேரம்தான்.

ஆகவே சோதித்துப் பார்க்க ஒரே ஒரு படம் போதும், அதுவும் பஸ்ஸிலேயே பார்த்து முடிக்கப்போகிற படமாக இருக்கட்டும். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள். வைஃபை இருக்கும்போது ஓடுவது எதற்கும் சாட்சியல்ல. மற்றவற்றைத் தொடாமல், பதிவிறக்கப் பட்டியலில் கெடு ஏதாவது காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கெடு நெருங்கியிருந்தால் வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் உங்கள் போனுக்கு வைட்வைன் எந்த நிலை என்று காட்டும். எல் 3, அதாவது கடைசி நிலை, என்றிருந்தால் உயர்தரத்துக்கு ஆசைப்படாதீர்கள், சாதாரணத் தரம்தான் கிடைக்கும். எந்த மொழி ஒலி, வசன வரி வேண்டுமா என்பதையும் இறக்கும் முன்பே தேர்ந்தெடுங்கள். மலையாளப் படத்தைத் தமிழ் ஒலி என்று நம்பி ஏறிய இரவும் எனக்கு உண்டு.

புறப்பட்ட பிறகு செயலியிலிருந்து வெளியேறாதீர்கள், அதை நீக்காதீர்கள். போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் செயலிகளைக் கிட்டவே விடாதீர்கள். கெடுவை ஏமாற்ற போனின் தேதியைப் பின்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னார் எங்கள் கணக்குப்பிள்ளை அண்ணன். தள்ளிப் பார்த்தேன், பலனில்லை. கோப்பைத் தன் போனுக்கு அனுப்பும்படி பக்கத்து அறை அக்கா கேட்பார். அனுப்பினாலும் ஓடாது, சாவி என் போனுக்கு மட்டுமே தந்தது.

கெடு முடிந்தாலும் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். புதுப்பிக்கும்போது வந்து சேர்வது பெரும்பாலும் சாவி மட்டுமே, அது சில கிலோபைட். முழுப் படத்தையும் மறுபடி இறக்க வேண்டியிருக்காது. ஆனால் சில படங்களைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் புதுப்பிக்க விடமாட்டார்கள். பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்ட படம் என்றால் போனது போனதுதான்.

எங்கள் தண்ணீர்த் தொட்டி மேட்டில் சாயங்காலம் ஒரு கோடு சிக்னல் வரும். புதன்கிழமை குடையோடு அங்கே போய் நின்றேன். பதினொன்றில் ஒன்பது திறந்தன.