பாதையில்லாத காட்டுமலை: ஏறவும், இருட்டுமுன் வண்டிக்குத் திரும்பவும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு மேற்கேயும் அம்பாறையின் உட்பகுதியிலும் சமதரைக் காட்டுக்குள் திடீரென்று முளைத்து நிற்கும் சிறு மலைகள் பல. பெரும்பாலானவை சுற்றியுள்ள தரையைவிட நூறு, இருநூறு மீற்றர்தான் உயரம். கோயிலோ விகாரையோ இல்லாத மலைக்குப் பாதையும் இராது. ஏறும்போது திசை கொஞ்சம் பிசகினாலும் பெரிய பாதகமில்லை. எல்லாச் சரிவும் ஒரே உச்சியில்தான் போய்ச் சேரும். இறங்கும்போது கதை வேறு. ஒவ்வொரு அடிக்கும் சரிவுகள் விரிந்துகொண்டே போகும். அடிவாரத்தில் சமதரைக் காடு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே திரும்பி வரும் வழியை முதலில் தீர்மானித்துவிட்டு ஏறும் வழியை யோசியுங்கள்.

எந்த மலை, எந்த மாதம்

கல்லோயா, மாதுறுஓயா, லாகுகல, குமண தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் மலைகளை விட்டுவிடுங்கள். அங்கே நினைத்தபடி கால்நடையாகத் திரிய முடியாது. மற்றக் காடுகளில் பெரும்பகுதி வன இலாகாவின் கையில் இருக்கிறது. பகுதி வன அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், கிராம சேவகருக்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள். அலவாங்கு, மண்வெட்டி எதையும் வண்டியில் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்து மலைகளில் பழைய கற்குகைகளும் கல்வெட்டுகளும் உண்டு. புதையல் தோண்ட வந்தவர் என்று பிடிபட்டால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் நல்ல காலம். நொவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழையில் தாம்போதிகள் (ஓடையைக் கடக்கும் தாழ்ந்த பாலங்கள்) மூழ்கும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி வெள்ளக் காலத்தில் படகுத்துறையாகவே மாறிவிடும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று உடம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சும். போதாததற்குப் பாலைப்பழம் பழுக்கும் காலமும் அதுதான். கரடி அந்த மரங்களை விட்டு நகராது.

கிரவல் வீதியில்

செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை வழியாக மகாஓயா போகும் பதுளை வீதி, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக்குப் போகும் வீதி, கொக்கட்டிச்சோலையிலிருந்து தாந்தாமலைக்குப் போகும் வீதி ஆகியவற்றிலிருந்துதான் உள்வீதிகள் பிரியும். தாருக்குப் பின் கிரவல், கிரவலுக்குப் பின் குளக்கட்டு, அதற்கும் பின் உழவு இயந்திரம் கிழித்த இரட்டைத் தடம். இரட்டைத் தடத்தில் காரைக் கொண்டுபோகாதீர்கள். நடுமேடு அடித்தட்டில் இடிக்கும். மோட்டார் சைக்கிள் போகும், ஆனால் தனியாக ஒன்றில் போக வேண்டாம். தாம்போதியில் தண்ணீர் முழங்காலைத் தொட்டால் கடக்காதீர்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, மேலே மழை பெய்தால் பின்னேரம் இடுப்பளவு வரும்.

வண்டியை மரத்தடியில் ஒளித்து வைக்காமல், வந்த பக்கம் முகம் திருப்பி வெளியான இடத்தில் விடுங்கள். வழியில் மாட்டுப் பட்டிக்காரரையோ வயலுக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டவிதானையையோ கண்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஆனை எந்தப் பக்கம் நிக்கிது அண்ணன்?" அந்த மறுமொழியை அப்படியே நம்பலாம். தூரம் கேட்டால் வரும் "கிட்டத்தான் மனே" என்பதை மட்டும் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்யும் வேலை

செய்மதிப் படத்தில் மலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறம் வெறும் பாறை, கோடாக ஓடும் கடும்பச்சை ஓடை. பல மலைகளில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறையாகவும் மறுபக்கம் மரம் மூடிய மெல்லிய சரிவாகவும் இருக்கும். அந்தச் சரிவின் முதுகை எடுங்கள், ஓடைப்பள்ளத்தை விடுங்கள். பள்ளத்தில் முட்கொடியும் உருண்டைக் கற்களும் நிறைந்திருக்கும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து இதை உறுதிசெய்யலாம். வரைபடத்தை இணையமில்லாமலும் திறக்கும்படி கைபேசியில் இறக்கி வையுங்கள். ஒரு திசைகாட்டியும் வேண்டும்: பற்றரி தீர்ந்தால் காட்டுக்குள் காந்த ஊசிதான் மிச்சம்.

முட்புதர்க் காட்டில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் நடந்தால் நல்ல வேகம். சூரை முள் அடர்ந்த இடத்தில் அதிலும் பாதி. ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே 150 மீற்றர் உயர மலை என்றால் போக இரண்டரை மணி, வர இரண்டு மணி. காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்கி, எங்கே நின்றாலும் 11 மணிக்குத் திரும்புங்கள். மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் சூரியன் 5.40க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது. மரத்துக்குக் கீழே அரை மணி முன்னதாகவே இருட்டிவிடும்.

ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், உடல் இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பக்கற்று இரண்டு (ஒன்றுக்கு ஒரு லீற்றர்), நெற்றி விளக்கு, விசில், தடித்த முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடிய சப்பாத்து. மூன்று பேருக்குக் குறைந்தால் போகாதீர்கள்: ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, மற்றவர் வீதிக்குப் போக வேண்டும்.

உள்ளே

வண்டி நிற்கும் இடத்தைக் கைபேசியில் குறித்துவிட்டு அடியெடுத்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கொரு முறை திரும்பிப் பாருங்கள். வரும்போது காணப்போகும் முகம் அதுதான். சூரை கொளுவினால் இழுக்காதீர்கள். அதன் முள் பின்னோக்கி வளைந்தது; ஓரடி பின்னால் போனால் தானே விடும். கத்தியால் வழி வெட்ட வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, சரித்து வெட்டிய கன்றின் அடிக்கட்டை திரும்பும்போது உங்கள் காலையே பதம்பார்க்கும்.

காட்டில் சுகமான நடை ஆனைப்பாதை. ஆனால் அது தண்ணீருக்குப் போகும், உச்சிக்குப் போகாது. ஆவி பறக்கும் லத்தியோ, பால் வடியும் முறிந்த கொப்போ கண்டால் உடனே நில்லுங்கள். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் உங்கள் மணம் ஏற்கெனவே ஆனைக்குப் போய்விட்டது. வந்த வழியே அமைதியாகப் பின்வாங்குங்கள்.

வயல், சேனைப் பயிர்நிலத்துக்குக் கிட்டிய ஒடுங்கிய விலங்குத் தடங்களில் வேறு ஆபத்து. அங்கே விலங்குக்காகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கு இருக்கலாம். தடத்துக்குக் குறுக்கே கட்டிய மெல்லிய நூல் பட்டால் வெடிக்கும். வீதி மின்சாரத்தில் கொளுவிய வெறுங்கம்பியும் இருக்கலாம், 230 வோல்ட். கீழே கிடக்கும் பழத்தையோ உணவு உருண்டையையோ தொடாதீர்கள், அதற்குள் விலங்குக்கு வெடி வைத்திருக்கலாம். 2007 ஜூலை வரை குடும்பிமலைப் பக்கம் போர் நடந்தது. துருப்பிடித்த உலோகம் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

பாறையில்

காலைப் பனியோ மழையோ பட்ட கறுத்த பாறை சவர்க்காரம் மாதிரி வழுக்கும். காலால் தட்டும்போது பொள்ளலாக ஒலித்தால் அது கழன்ற செதில், ஏறாதீர்கள். பாறையில் முளைத்த புல்லைப் பிடித்தால் வேரோடு கையில் வரும். இறங்கத் தெரியாத பாறையில் ஏறாதிருப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

கற்குகையை நெருங்கும்போது சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள்; திடுக்கிட்ட கரடிதான் முகத்தில் பாயும். பாறை விளிம்பின் கீழே பெரிய தேன்கூடு தொங்கினால் பீடியும் வேண்டாம், வாசனைத் தைலமும் வேண்டாம், சுற்றிப் போங்கள். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு அடர்புதருக்குள் ஓடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி வழக்கம். மதியத்துக்குப் பின் வெறும்பாறை உச்சியில் நிற்காதீர்கள்.

இறக்கம்

அடிவாரத்தில் இல்லாத தொலைபேசி அலை உச்சியில் கிடைக்கும். வீட்டுக்கு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பின் காலெடுக்கும் முன்பே திசைகாட்டியில் திசையை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் தலைக்கு நேரே நிற்பதால் நிழலைப் பார்த்துத் திசை சொல்ல முடியாது.

வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது, மலை அதற்குக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு நேராக நடந்தால் 5 பாகை பிசகுக்கே 130 மீற்றர் தள்ளி வீதியில் ஏறுவீர்கள். வண்டி இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. வேண்டுமென்றே 10 பாகை வடக்கே சாய்த்து நடங்கள். வீதியைத் தொடும்போது வண்டி ஏறத்தாழ 260 மீற்றர் தெற்கே இருக்கும். இடப்பக்கம் திரும்பினால் போதும்.

வழி தப்பியது தெரிந்தவுடன் இருந்து தண்ணீர் குடியுங்கள், பிறகு கடைசியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். ஓடையைப் பிடித்தால் குளம் வரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பின்னேரம் ஆனையும் அந்த ஓடையில்தான் இறங்கும்.

பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடித்த உறுப்பை அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். விஷமுறிவு மருந்து பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பில் உண்ணி தேடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாமல், சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதையும், வயற்சேற்றில் இறங்கியிருந்தால் அதையும் டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.