தறியைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தால்: ஓ.டி. மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்குச் சொந்த ஊர் நகரி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, தெருவெல்லாம் தறிச்சத்தம். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது ஓ.டி. (நோயாலோ காயத்தாலோ விட்டுப்போன அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்து முடித்து, இப்போது எங்களிடம் போஸ்டிங் என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வார்டில் கூட நின்று சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வில் முதல் மார்க் வாங்குகிறவர்கள்கூட நோயாளி முன்னால் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கையை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கை காலையிலிருந்து ராத்திரிவரை என்ன செய்யும் என்று கேட்பதில்லை.

போன மழைக்காலத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் வந்தார். கண்ணாடி கிழித்து வலது கையின் இரண்டு விரல்களில் தசைநாரும் நரம்பும் அறுந்து, தைத்து, மூன்று மாதம் ஆகியிருந்தது. மாணவி பிடிபலத்தை அளந்தாள், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று டிகிரி எடுத்தாள், குச்சிகளை எடுத்துத் துளைகளில் செருகும் ஆணிப்பலகையையும் பிசையும் களிமண்ணையும் கொடுத்தாள். கேஸ் ஷீட் அழகாக இருந்தது. ஆனால் தொழில் என்ற இடத்தில் 'நெசவாளர்' என்ற ஒரே சொல்தான்.

"அண்ணே, தறி முன்னாடி நின்னதுல இருந்து என்னென்ன பண்ணுவீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே காட்டினார். பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் தறியை நிறுத்தணும். நுனியைத் தேடிப் பிடிக்கணும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி முடிச்சுப் போடணும். பிறகு தறியில் நூலைப் பிரித்து வைக்கும் விழுதிலும் அச்சிலும் நுழைத்து இழுக்கணும். "பலம் இருக்கும்மா. நூலு விரல்ல இருக்கா இல்லையான்னுதான் தெரிய மாட்டேங்குது" என்றார். பிரச்சினை பலத்தில் இல்லை, விரல் நுனியின் உணர்வில் இருந்தது. பிடிபலக் கருவி அதைக் காட்டாது.

அன்றைக்கே ஆணிப்பலகையை எடுத்து வைத்துவிட்டோம். முதலில் சணல் கயிறு, அப்புறம் பூ கட்டும் நூல், அப்புறம் அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த பாவு நூல். கண்ணால் பார்த்து ஒருமுறை, கண்ணை மூடி ஒருமுறை. பாடத்தில் கிரேடிங் என்று, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போவதைப் படிக்கிறோமே, அது இதுதான். 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டால் ஒரு சொல் பதிலாக வரும். 'நேத்து எழுந்ததுல இருந்து படுத்தது வரைக்கும் சொல்லுங்க' என்று கேட்டால் ஒரு நாளே வரும். இந்த இரண்டாவது கேள்விக்குப் பத்து நிமிடம் ஒதுக்காமல் எந்த அளவுகோலையும் கையில் எடுக்காதீர்கள்.

அடுத்தது அந்த அளவுகோல்களை அப்படியே நம்புவது. அன்றாட வேலைகளை ஒருவர் தானாக எவ்வளவு செய்கிறார் என்று மார்க் போடும் பார்த்தெல் இண்டெக்ஸை எல்லாருமே மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1965இல் வெளியானது, பத்து அம்சம், நூறு மார்க். அதில் சாப்பிடுவதற்கான விளக்கத்தில் வெண்ணெய் தடவுவது வருகிறது. ரசம் சாதத்தைப் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது வராது. கழிப்பறைக்குப் போவதில் ஆஸ்பத்திரியின் மேல்நாட்டுக் கோப்பையில் பத்துக்குப் பத்து வாங்கியவர், வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறையில் எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொள்வார்.

இதில் நானே ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். மாணவியாக இருந்தபோது, பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த ஒரு பாட்டிக்கு இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துப் பழக்கினேன். பதினைந்தே நாளில் தானாகச் சாப்பிட்டார். முழு மார்க் போட்டேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பேத்தி சொன்னாள்: "அவ்வா இப்பல்லாம் எங்ககூட உக்கார்றதே இல்ல. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் அடுப்படியில தனியா சாப்பிடுது." பீச்சாங்கையால் சாப்பிடுவதை மருமகன்கள் பார்க்கக்கூடாதாம். அந்த வயதுப் பெண்ணுக்கு இடது கை எதற்கான கை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை. பந்தியில் எல்லாரோடும் உட்காருவதுதான் அவருக்குச் சாப்பாடு, நானோ வயிற்றுக்குள் சோறு போவதை மட்டும் அளந்திருக்கிறேன். இன்றைக்கு என்றால் விளிம்பு உயர்ந்த தட்டு, அது நகராமல் அடியில் ஈரத்துணி, குழைய வடித்த சாதம் என்று வலது கையை முடிந்தவரை உள்ளே கொண்டுவந்து பார்ப்பேன். முடியாவிட்டால் வீட்டாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருப்பேன்.

அவசரமாக உதவுவது இன்னொன்று. சட்டை போடும்போது பலவீனமான கை முதலில் நுழையணும், கழற்றும்போது அது கடைசியில் வரணும் என்று எல்லாருக்கும் தெரியும். தாத்தா மூன்றாவது பட்டனில் திணறும்போது மாணவரின் கை தானாக நீண்டுவிடுகிறது. இரக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டன் அவருடைய சிகிச்சை, அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எந்த இடத்தில் நின்றார், தானே என்ன வழி கண்டுபிடித்தார் என்று பாருங்கள். விழப்போகிறார் என்றால் மட்டும் பிடியுங்கள்.

எங்கள் பக்கத்தில் மொழியிலும் வழுக்கும். ஒரு அம்மா "கை திமிருது" என்றார். சென்னையிலிருந்து வந்த மாணவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். திமிர் என்றால் மரத்துப்போவது, மதமதப்பு. தெலுங்கில் திம்மிரி என்பதும் அதுதான். அந்த அம்மா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மாமியாருக்கு மருமகளை மொழிபெயர்க்க வைப்பதும் வேண்டாம். குளிப்பது, சிறுநீர், படுக்கை பற்றியெல்லாம் மருமகள் வாயால் உண்மை வராது. தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒரு நர்ஸம்மாவையோ வார்டு ஆயாவையோ அழையுங்கள்.

ஸ்பிளிண்ட்டில், அதாவது சூடாக்கி வளைத்துக் கையைத் தாங்க மாட்டும் பிளாஸ்டிக் பட்டையில், தவறு செய்தால் தோல் பதில் சொல்லும், மரத்த தோல் அதையும் சொல்லாது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டது இதைத்தான்: விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் அழுத்தத்திலும் புண்ணாகித்தான் அழிந்தன. அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிக்கும் நரம்பு அறுந்த கைக்கும் பொருந்தும். சூடான பிளாஸ்டிக்கை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். மாட்டி இருபது நிமிடம் கழித்துக் கழற்றுங்கள். சிவந்த தடம் இன்னொரு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தை விரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பணும். வெயில் காலத்தில் பஸ் ஜன்னலோரம் வைத்தாலே அது வளைந்துவிடும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

பயிற்சியைத் தினமும் பதியும் லாக்புக்கைக் கடைசி வாரத்தில் நண்பரைப் பார்த்து எழுதாதீர்கள். ஓ.டி. படிப்புக்குக் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி என்று ஓ.டி. சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு வைத்திருப்பது கையெழுத்துக்காக இல்லை. தினம் ஐந்து வரி போதும்: இன்று எதைத் தவறாக நினைத்தேன், எது மாற்றியது. மூன்றாம் ஆண்டிலேயே பத்து வொர்க்‌ஷாப் சான்றிதழ் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் சென்சரி (புலனுணர்வு) பிரச்சினை என்கிறார்கள். அந்தப் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒரே சீனியரோடு ஒரே நோயாளியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்ப்பதில் செலவழித்தால் அதிகம் கற்கலாம்.

சேரப்போகிறவர்களுக்கு ஒன்று. 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது, ஓ.டி.யும் அதற்குள் வருகிறது. கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, பயிற்சிக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் உலகக் கூட்டமைப்பின் ஒப்புதல் உண்டா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போஸ்டிங் முடியும் நாளில் சொல்லாமல் போய்விடும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு வாரம் முன்பே நோயாளியிடம் சொல்லுங்கள், அடுத்து வருகிற மாணவரை அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். ஒப்படைக்கும் தாளில் டிகிரியும் மார்க்கும் இருக்கட்டும், அதற்கு மேலே அவர் எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறார் என்று அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அந்தத் தறிக்காரருடைய தாளின் முதல் வரியாக மாணவி எழுதியது: 'நூலு விரல்ல இருக்கான்னு தெரியணும்.' அடுத்த மாணவர் முதல் நாளே சணலில் ஆரம்பிக்காமல் நேராகப் பூ நூலை எடுத்தார்.