காளானின் அடியைப் பாருங்கள்

கொடைக்கானல் பைன் காட்டில் மழை விட்ட மறுநாள் சருகைத் தள்ளிக்கொண்டு காளான்கள் எட்டிப் பார்க்கும். ஊட்டிப் பக்கமும் அப்படித்தான். சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்தது விஷம் என்று பலருக்கும் தெரியும். ஆனால் நல்ல மழையில் பொட்டு கழுவிப் போய்விடும். அதனால் குச்சியால் சுற்றிலும் நெம்பி எடுத்து அடியைப் பாருங்கள். பிடுங்கினால் அடி மண்ணிலேயே தங்கிவிடும். அடி உப்பியிருந்தாலோ, பை மாதிரி உறை இருந்தாலோ சமையல் பேச்சே வேண்டாம். இல்லாவிட்டாலும் நல்ல காளான் என்று அர்த்தமில்லை. வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூச்சி கடித்திருக்கிறது, அதனால் விஷமில்லை என்பதெல்லாம் சும்மா. சில விஷம் கொதித்தாலும் போகாது, வாந்தி 6 மணி நேரம் கழித்துக்கூட வரும். யாராவது தின்றுவிட்டால் மிச்சத்தைத் தாளில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.