வெளிநாட்டு உணவுத் திருவிழாவுக்குப் பட்டினியாகப் போகாதீர்கள்

மதுரை தமுக்கம் பக்கம் உணவுத் திருவிழா பேனரைப் பார்த்ததும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கிளம்புகிறவரா நீங்கள்? வேண்டாம், அந்தப் பசியில் முதல் கடையிலேயே முழு பிளேட் பாஸ்தாவை வாங்கி வயிற்றை அடைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். போன முறை நான் செய்தது அதுதான்.

இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு நாலு பேராகப் போங்கள், ஒரு பிளேட்டை நாலாகப் பங்கு போட்டால் எட்டு ஐட்டம் தாராளமாக ருசி பார்க்கலாம். காரமில்லாத ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது), ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) முதலில், காரமான கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சி அப்புறம்.

ஜப்பானியச் சோற்று உணவான சூஷியோடு வைக்கும் பச்சை உருண்டையைப் புதினாச் சட்னி என்று நினைத்து என் மச்சான் மொத்தமாக வாயில் போட்டான். அது வசாபி என்கிற காரமான விழுது, நாக்கில் நிற்காமல் நேராக மூக்குக்கு ஏறும், கண்ணெல்லாம் தண்ணீர். கடுகளவு போதும். மிளகாய்க் காரம் என்றால் தண்ணீருக்கு அடங்காது, பாலோ தயிரோ குடியுங்கள்.

துருக்கிக் காபி வாங்கினால் கலக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், தூள் அடியில் தங்கும், கடைசி வாயைக் கோப்பையிலேயே விட்டுவிடலாம். ஜிகர்தண்டா ஸ்டால் இருந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள், அது நாளைக்கும் விளக்குத்தூணில் கிடைக்கும்.