சிமெண்டில் உலர் சாம்பல் கலந்து தளக்கல் செய்யும் முறை

அனல் மின்நிலையங்களில் நிலக்கரி எரியும்போது புகையோடு மேலேறும் நுண்தூளைப் பிடித்துச் சேகரிக்கிறார்கள். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் உலர் சாம்பல் எனப்படுவது அதுதான். சிமெண்ட் நீருடன் வினைபுரிகையில் வெளிப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் இச்சாம்பலிலுள்ள சிலிக்கா மெல்லச் சேர்ந்து பிணைப்புப் பொருளாக மாறுவதால், சிமெண்டில் ஒரு பகுதியை இதைக்கொண்டு ஈடுசெய்யலாம். பழகுவதற்குத் தோட்டப் பாதைக்கான தளக்கல் போதும். தூண், உத்தரம் போன்றவற்றைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் சிமெண்ட் மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொசொலானா சிமெண்ட்) என்றிருந்தால் ஆலையிலேயே 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்த்திருப்பார்கள். அதில் மேலும் கலக்கக் கூடாது. சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டான ஓபிசி (OPC) மூட்டையே வேண்டும்.

அடுத்தது சாம்பல். விரலிடையே தேய்த்தால் முகப்பவுடரைப் போல வழுக்க வேண்டும். மிகவும் கறுத்திருந்தால் எரியாத கரி கூடுதலாக இருக்கக்கூடும். சாம்பல் குளத்திலிருந்து அள்ளிய ஈரச் சாம்பல் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அதில் உலையின் அடியில் விழும் பருமனான அடிச்சாம்பலும் கலந்திருக்கும். சாம்பலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3812-இன் சான்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவதாக, தராசில் நிறுங்கள். சாம்பல் சிமெண்டைவிட இலேசானது என்பதால், வழக்கமான பாண்டுச் (கலவைச் சட்டி) கணக்கில் அளந்தால் நினைத்த விகிதம் வராது. ஓபிசி 8 கிலோ, சாம்பல் 2 கிலோ, சலித்த மணல் 30 கிலோ என எடுத்துக்கொண்டால் 20 விழுக்காடு மாற்றீடு ஆகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, 10 கிலோ ஓபிசியும் அதே அளவு மணலும் கொண்ட இன்னொரு கலவையையும் தயாரியுங்கள்.

முகக்கவசம் அணிந்து, நிறம் சீராகும்வரை உலர்வாகவே புரட்டியபின், சுமார் 5 லிட்டர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். சாம்பல் துகள்கள் உருண்டையானவை என்பதால் கலவை எளிதில் இளகும். ஆகவே முழு நீரையும் ஒரேயடியாக ஊற்றிவிட வேண்டாம். எண்ணெய் தடவிய அச்சில் நிரப்பித் தட்டிக் காற்றை வெளியேற்றி, மறுநாள் கழற்றுங்கள். இன்னும் இளக்கமாக இருந்தால் மேலும் ஒரு நாள் விடுங்கள்.

அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது நீராற்றுவதில்தான். சாம்பலின் வினை மெதுவானது, ஈரம் இருந்தால்தான் தொடரும். எனவே ஈரச் சாக்கு போர்த்தி 14 நாள்களாவது காயாமல் காக்க வேண்டும். ஏழாம் நாள் சோதித்தால் சாம்பல் கல் பின்தங்கியே இருக்கும். இரண்டு கலவையிலும் கனசதுரங்கள் வார்த்து, 28 மற்றும் 56ஆம் நாள்களில் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தபின் விகிதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என முடிவுசெய்யுங்கள்.